கேட்கக்கூடாத தோட்டம்

"கேட்டால் கொடுக்க மாட்டேனா?" என்று யாராவது பெரிய மனது பண்ணிச் சொன்னால் எனக்கு இன்றைக்கும் உடம்பு பற்றி எரிகிறது. என் பேரப்பிள்ளைகள் பென்சிலுக்குச் சண்டை போடும்போது பெரியவன் சின்னவனைப் பார்த்து அப்படிச் சொன்னால்கூட என் குரல் உயர்ந்துவிடும். இந்த மனுசனுக்கு எதுக்குத்தான் கோபம் வரும் என்றே தெரியவில்லை என்று என் மனைவி சலித்துக்கொள்வாள். எனக்குத் தெரியும். கொல்லிமலையில், திண்ணனூர் நாடு என்கிற ஊர்க்கூட்டத்தில், ஓர் ஊற்றின் பக்கத்தில் தோட்டம் வைத்திருந்த ஒரு பெண்ணை முன்னிட்டு வந்த கோபம் அது.

'வைத்திருந்த' என்று எழுதிவிட்டேன். அவர் காதில் விழுந்தால் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

அவர் பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை. மறந்துபோகவில்லை. தன் பெயர் எந்தக் காகிதத்திலும் ஏறக்கூடாது என்று அவர் வாயாலேயே சொல்லிக் கேட்டவன் நான். அவர் விஷயத்தில் நான் காப்பாற்றக்கூடியது இப்போது அந்த ஒன்றுதான்.

வெள்ளைக்காரன் காலம் அது. நான் அம்மை குத்துகிற உத்தியோகத்தில் இருந்தேன். சொந்த ஊர் காளப்பநாயக்கன்பட்டிப் பக்கம், விவசாயக் குடும்பம். மலைக்கு அப்போது ரோடு கிடையாது. அடிவாரத்தில், காரவள்ளியில் விடியும்போது ஏறத் தொடங்கினால், மருந்துத் தகரப்பெட்டியைத் தோள் மாற்றித் தோள் மாற்றி, மேலே போய்ச் சேர உச்சிப்பொழுது ஆகிவிடும். முதல் தடவை அப்படி ஏறிப் போனபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. மூன்று ஊர்ப் பாதைகள் கூடுகிற இடத்தில் ஓர் ஊற்று. அதை ஒட்டிச் சரிவில் ஒரு தோட்டம். முழங்கால் உயரத்துக்குக் கல்கட்டு, அதற்கு மேல் வேலியும் இல்லை, படலும் இல்லை. உள்ளே அவரைப் பந்தல், பூசணிக்கொடி, சேப்பங்கிழங்கு, வாழை, நாரத்தை எல்லாம் இருந்தன. கல்கட்டின் ஓரத்திலேயே ஒரு கொய்யாமரம், கை எட்டும் தூரத்தில் பழம்.

நான் ஒழுங்காக வளர்க்கப்பட்டவன். அடுத்தவர் பொருளைக் கேட்காமல் தொடமாட்டேன். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "ஏனுங்க, யாருங்க தோட்டத்துல? ஒரு பழம் எடுத்துக்கட்டுங்களா?" என்று குரல் கொடுத்தேன்.

பந்தலுக்கு அடியிலிருந்து குள்ளமாக ஒரு பெண் வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். கையில் களைக்கொத்து. கன்னம் ஒரு பக்கம் புடைத்திருந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வாயிலிருந்த நெல்லிக்கொட்டையைத் தூ என்று துப்பினார்.

"கண்ணு தெரியலீங்களா உங்களுக்கு? பழம் அங்க இருக்குது. கை உங்ககிட்ட இருக்குது. நடுவுல நான் எதுக்குங்க?"

மரியாதையாகக் கேட்டதற்கு இப்படி ஒரு வசவா என்று எனக்குச் சுருக்கென்றது. பழமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று பெட்டியைத் தூக்கினேன். அதற்கும் திட்டினார். "பசிச்ச வயித்தோட ரோசத்தையும் தூக்கிக்கிட்டுப் போறீங்களாக்கும்? அந்தக் குடுக்கைல தண்ணி மொண்டு எதுக்காச்சும் ஊத்திப்போட்டுப் பறிச்சுத் தின்னுங்க."

ஊற்றுக்குப் பக்கத்தில் ஒரு குச்சியில் சுரைக்குடுக்கை தொங்கியது. அதுதான் அந்தத் தோட்டத்தின் சட்டம். உள்ளே வருகிறவர் யாராயிருந்தாலும் ஒரு குடுக்கைத் தண்ணீர் மொண்டு, ஏதாவது ஒரு செடிக்கு ஊற்ற வேண்டும். பிறகு அன்றன்றைக்கு வேண்டியதைப் பறித்துக்கொண்டு போகலாம். நாரினால் முடிச்சுப் போட்டிருக்கிற காய் விதைக்கு விட்டது, அதை மட்டும் தொடக்கூடாது. இவ்வளவுதான். மூன்று ஊர்ச் சனமும் அப்படித்தான் தின்றது. வழிப்போக்கர்கள், மிளகு மூட்டை சுமந்து இறங்குகிறவர்கள், என்னைப் போன்ற சர்க்கார் ஆட்கள், எல்லாரும்தான். களை பறிக்க, கல் அடுக்க, இலைச்சருகு கொண்டுவந்து கொட்ட என்று முடிந்தவர்கள் முடிந்த நாளில் வருவார்கள். வராதவரை ஏன் வரவில்லை என்று அவர் கேட்டதில்லை. அனுமதி கேட்டால்தான் கேடு. நெல்லிக்கொட்டை வெளியே வந்ததென்றால் வசவு பின்னாலேயே வருகிறது என்று அந்தப் பக்கத்துக் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

ஒரு பண்டிகைக்கு ஊர்க்கவுண்டர் வீட்டிலிருந்து ஓர் ஆள் வந்தான். "கவுண்டரு ரெண்டு பூசணிக்காய் கேட்டு வாங்கியாறச் சொன்னாருங்க" என்று பணிவாக நின்றான். இவர் கொட்டையைத் துப்பினார். "இங்க குடுக்கறதுக்கு ஆளில்லைன்னு போய்ச் சொல்லு." ஆள் திரும்பிப் போய்விட்டான். ஊரே வாயைப் பொத்திக்கொண்டது. சாயங்காலத்துக்குள் கவுண்டரே மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார், முணுமுணுத்துக்கொண்டே குடுக்கையில் தண்ணீர் மொண்டார், நாரத்தைக்கு ஊற்றினார், இரண்டு பூசணிக்காயைத் தானே அறுத்துத் தோளில் வைத்துக்கொண்டு போனார். இவர் தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு அன்றைக்கு ஒரே சிரிப்பு.

இன்னொரு தடவை யாரோ சேப்பங்கிழங்கு அத்தனையையும் வேரோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். யாரென்றும் தெரிந்துவிட்டது. பஞ்சாயத்துக் கூட்டுவோம் என்று ஆட்கள் கொதித்தார்கள். அவர்களைத்தான் இவர் திட்டினார். "வேலியில்லாத எடத்துல திருட்டு எங்கிருந்துங்க வந்துச்சு? அவனூட்ல வாய் அதிகம், தின்னுருக்கறான்." அதோடு விட்டாரா? நேரே அந்த ஆள் வீட்டுக்குப் போய், வாசலில் நின்று மூன்று ஊருக்கும் கேட்கிறமாதிரிக் கத்தினார். தின்றதற்கு இல்லை. விதைக்கு நாலு கிழங்கை மண்ணில் விடாமல் போனதற்கு. அந்த ஆள் மலையிலேயே பக்கத்து நாட்டிலிருக்கும் மாமனார் வீட்டுக்குப் போய்க் கிழங்கு கொண்டுவந்து ஊன்றினான். அதன்பின் அந்தத் தோட்டத்தில் அவனைவிட அதிகமாகப் பாடுபட்டவன் யாருமில்லை.

மாதத்துக்கு ஒரு தடவையாவது நான் மலைக்குப் போவேன். இரண்டு வருஷத்தில் நான் அவருக்கு 'ஊசிக்காரரே' ஆகிவிட்டேன், அவர் எனக்கு அக்கா ஆகிவிட்டார். ஒரு நாள் பந்தலடியில் நார் கிழித்துக்கொண்டிருந்தவரிடம் தைரியமாகக் கேட்டேன், கேட்பது அவ்வளவு பெரிய குற்றமா என்று.

"சின்ன வயசுல ஒரு பஞ்சத்துல கீழ்நாட்டுல சொந்தக்காரங்க ஊட்டுக்குப் போனனுங்க. இடுப்புல கொழந்த. ரெண்டு படி சாமை கேட்டேன். குடுத்தாங்க. நல்லாத்தான் குடுத்தாங்க. அப்பறம் கல்யாணம், காது குத்து, எழவு, எங்க பார்த்தாலும் 'அன்னைக்கு நாங்க சாமை குடுத்தமே'ன்னு பத்து வருசம் சொன்னாங்க. சொல்லிச் சொல்லியே திரும்ப வாங்கிக்கிட்டாங்க. அந்தக் கொழந்த செத்துப் போன அன்னைக்கும் ஒருத்தி சொன்னாளுங்க." நாரை முடிச்சுப் போட்டுக் காயில் கட்டினார். "திங்கறதுக்கு எதுக்குங்க தலைய குனியோணும்?"

அவர் ஏன் விதையைக்கூட வீட்டில் வைப்பதில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மலையில் எல்லார் வீட்டிலும் தானிய விதைக் குடுக்கை கூரையடியில் தொங்கும். இவர் வீட்டில் ஒன்றும் தொங்காது. முடிச்சுப் போட்ட காய்கள் கொடியிலேயே காய்ந்து கிடக்கும், மழை வருமுன் வேண்டியவர்கள் வந்து பறித்துத் தோட்டத்திலேயே ஊன்றுவார்கள். "வெதை என்ற ஊட்ல இருந்துச்சுன்னா அத்தனை பேரும் என்ற ஊட்டு வாசல்ல வந்து நிக்கோணுமுங்களே" என்பார். அது எவ்வளவு பெரிய தப்பு என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை.

அந்த வருஷம்தான் நிலம் அளக்க வந்தார்கள். குதிரையில் பாதி, டோலியில் பாதியாக ஓர் அதிகாரி, சங்கிலி பிடிக்க ஆட்கள், எழுத ஒரு குமாஸ்தா. இரண்டாம் நாளே குமாஸ்தா குளிர் ஜுரத்தில் படுத்துவிட்டார். அதிகாரி சுற்றிப் பார்த்தார். எழுதப் படிக்கத் தெரிந்தவன், சர்க்கார் சம்பளக்காரன், நான் அகப்பட்டேன். என் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். அதைப் பார்த்து அவர் மெச்சிக்கொண்டார், நானும் குளிர்ந்துபோனேன்.

ஊற்றடிக்கு வந்தோம். மூன்று ஊர்ச் சனமும் கூடியிருந்தது, நாற்பது பேர் இருக்கும். ஊற்றைக் காட்டி யாருடையது என்று கேட்டார். ஊருக்குப் பொது என்றார்கள். "சரி, ஊர்ப் பொது என்று எழுதும்" என்றார். எழுதினேன். கோயில், சுடுகாடு இரண்டுக்கும் முன்தினம் அப்படியேதான் எழுதியிருந்தேன். அடுத்து தோட்டம்.

"இது யாருடையது?"

முன்னால் நின்றவனைக் கேட்டார். "என்னுது இல்லீங்க." அடுத்தவன். "என்னுது இல்லீங்க சாமி." கிழங்கைப் பிடுங்கி ஊன்றியவன் இரண்டடி பின்னால் போய், "ஐயோ, என்னுது இல்லீங்க" என்றான். ஊர்க்கவுண்டரும் கையை விரித்தார். அந்த மண்ணில் நின்றுகொண்டு 'என்னுது' என்று சொல்வதற்கு நாற்பது பேருக்கும் நாக் கூசியது. அத்தனை வருஷம் திட்டுவாங்கி அப்படி ஆகியிருந்தார்கள். அதிகாரி வேறு மாதிரி நினைத்துக்கொண்டார். தீர்வைக்குப் பயந்து மறைக்கிறார்கள் என்று அவருக்கு எரிச்சல்.

கடைசியில் அக்காவைக் கூப்பிட்டார்கள். "நீதானே பாடுபடுகிறாயாம்? உன்னுடையதுதானே?"

"இல்லீங்க சாமி. எல்லாரும் திங்கறதுங்க."

"எல்லாருமா? விளைகிற நிலம் எங்கேயாவது பொதுவில் இருக்குமா? ஒரு பெயரைச் சொல்."

நான் பேனாவை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போனேன். "அக்கா, உங்க பேரச் சொல்லிப்போடுங்க. சும்மா காயிதத்துக்குத்தான். அதுக்கப்பறம் எப்பவும்போல எல்லாரும் தின்னுட்டுப் போறாங்க" என்று கெஞ்சினேன்.

"என்ற பேரு எந்தக் காயிதத்துலயும் ஏறக்கூடாதுங்க. ஒருக்கா என்னுதுன்னு எழுதிட்டா, நாளைக்கு வாரவன் எங்கிட்டக் கேக்கோணும். எல்லாத்துதும்னு எழுதுங்க." சொல்லிவிட்டு ஊற்றுப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "உரிமை கோருவார் யாருமில்லை என்று எழுதும்" என்றார்.

எழுதினேன். முத்துமுத்தாக எழுதினேன். பெயரில்லாத நிலம் என்ன ஆகும் என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஒரு சாண் வரப்புக்காக என் அப்பா ஆயுளில் பாதியைக் கோர்ட்டுக் கச்சேரி வாசலில் கழித்தவர். மேல் வரியில் 'ஊர்ப் பொது' என்று எழுதிய மையின் ஈரம்கூடக் காயவில்லை. கீழே அதையே இன்னொரு தடவை எழுதியிருந்தால் அந்த அதிகாரி படித்துப் பார்த்திருக்கப் போவதில்லை. படித்திருந்தாலும் என்ன, என்னைத் திட்டியிருப்பார். திட்டுக்குப் பயந்தேன். மெச்சியவர் முகம் சுளிக்கக்கூடாது என்று இருந்தது. வேறு காரணம் தேடி இத்தனை வருஷம் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

வருஷம் திரும்புவதற்குள் அடிவாரத்திலிருந்து நிலபுலம் நிறைந்த ஒரு பெரிய குடித்தனக்காரர் காகிதத்தோடு வந்துவிட்டார். யாரும் உரிமை கோராத இடம், காப்பித் தோட்டம் வைக்கப் போகிறேன் என்று மனுப் போட்டு வாங்கியிருந்தார். முள்கம்பிச் சுருள் காரவள்ளியிலிருந்து தலைச்சுமையாக ஏறியது. சுமந்தவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? அந்த மூன்று ஊர் ஆட்கள்தான். கூலிக்குக் கூப்பிட்டார், போனார்கள். அந்த ஊற்றடியில் தின்று வளர்ந்த உடம்பால் அந்தக் கம்பியைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். வழியில் பார்த்து நான் சத்தம் போட்டேன். "என்னங்க பண்றது, அவரு பேர்ல காயிதம் இருக்குதுங்களே" என்றான் ஒருவன். காகிதத்தைப் பற்றி நான் மேலே என்ன பேசுவது!

ஒரு கதவு, ஒரு காவலாள். ஊற்றோரத்துச் சுரைக்குடுக்கை இப்போது காவலாள் தண்ணீர் குடிக்க. அந்தக் குடித்தனக்காரர் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்கு மனது ஆறும். அதற்கும் வழியில்லை. கதவோரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வருகிறவர்களிடம் சிரித்த முகமாக, "எதுக்குங்க எட்டி நின்னு பாக்கறீங்க? கேட்டாக் குடுக்க மாட்டனா?" என்பார். கொடுக்கவும் செய்தார். ஒரு சீப்பு வாழை, ஒரு நாரத்தை. ஒரே ஒரு பருவத்தில் சனம் கேட்கப் பழகிவிட்டது. துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டி, கொஞ்சம் வளைந்து நின்று, "சாமி" என்று இழுக்கிற அந்தக் குரல் எங்கிருந்துதான் வந்ததோ. எத்தனை வருஷ வசவு! எல்லாம் ஒரு முள்கம்பியில் போயிற்று.

அடுத்த வாரம் கொடிகளையெல்லாம் வெட்டிச் சாய்த்துக் காப்பிக்குக் குழி எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்த அன்று நான் மலையில் இருந்தேன். மழைக்கு இன்னும் சில நாள்தான். நார் முடிச்சுப் போட்ட விதைக்காய் அத்தனையும் உள்ளே காய்ந்து தொங்கியது. அவரை, மொச்சை, பூசணி, கீரை, தோட்டத்தையே நம்பியிருந்த அந்த மூன்று ஊரிலும் எதற்கும் வெளியில் ஒரு கொட்டை கிடையாது. அவை கிடைத்தால் இன்னொரு சரிவில் இன்னொரு தோட்டம். கிடைக்காவிட்டால் இல்லை.

"நான் போய்க் கேட்டு வாங்கியாறேன் அக்கா. நம்ம ஊர்ப் பக்கத்து மனுசன்தான்" என்றேன்.

"நீங்க கேட்டாலும் நான் கேட்டதுதானுங்க. அதுக்கு நானே கேக்கறேன்."

அவருக்கு இரண்டடி பின்னாலேயே நானும் கதவு வரை போனேன். பட்டப்பகல், வேலைக்கு வந்த ஆட்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். அன்றைக்கு அவர் வாயில் நெல்லிக்கொட்டை இல்லை.

"சாமி, அந்த நார் கட்டுன காயெல்லாம் வேணுங்க. எடுத்துக்கட்டுங்களா?"

நாற்காலிக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. "இப்படி வந்து ஒரு வார்த்த கேக்கறதுக்கா இத்தன நாளா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போன? கேட்டாக் குடுக்க மாட்டனா?" என்றார். எட்டிப் பந்தலைப் பார்த்தார். "அதெல்லாம் காஞ்சு சருகாக் கெடக்குது. உனக்குப் போயி அதையா குடுப்பேன்? ஏப்பா, நல்ல பிஞ்சு அவரையாப் பாத்து மடி நெறயப் பறிச்சுப் போடு அம்மிணிக்கு."

காவலாள் பறித்துக்கொண்டு வந்தான். பச்சைப் பிஞ்சு. ஊன்றினால் அழுகும். அக்கா மடியை விரித்து வாங்கிக்கொண்டார். இன்னொரு வார்த்தை கேட்டால் போதும். ஒரு தடவைக்குத்தான் அவரிடம் தெம்பு இருந்தது.

நான் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் நாற்காலிக்காரர் என்னைப் பார்த்துவிட்டார். "அட, நம்மூட்டுப் பக்கத்துப் பையனாச்சே! தம்பிக்கு ஒரு கொய்யாப்பழம் குடுப்பா" என்றார். என் கையில் பழம் வந்து விழுந்தது. நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். கும்பிடும் போட்டேன்.

பாதைக்கு வந்ததும் அக்கா நின்றார். மடியில் இருந்ததை எதிரே வந்த ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் கூடையில் அவள் கேட்காமலே கொட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஊசிக்காரரே, அன்னைக்கு அந்தக் காயிதத்துல தோட்டத்துக்கு என்னங்க எழுதுனீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். "உரிமை கோருவார் யாருமில்லைன்னு எழுதினேன் அக்கா."

"எல்லாத்துதும்னு நான் சொன்னனுங்களே. அப்படி எழுத எடமில்லீங்களா அதுல?"

நான் கம்பிவேலிப் பக்கம் பார்த்தேன்.

"ஊத்துக்கு என்னங்க எழுதுனீங்க?"

"ஊர்ப் பொதுன்னு."

அவர் திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் திட்டவில்லை. என் வலது கையைப் பார்த்தார்.

"அதே கைதானுங்களே?" என்றார்.

அந்தக் கையில்தான் கொய்யாப்பழத்தை வைத்துக்கொண்டிருந்தேன்.